பானை ஓட்டிடம் ஊர் கேட்பது எப்படி?

கேள்வி: ஐயா, பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மெக்சிகோவில் தோண்டியெடுத்த பழங்காலப் பானை ஓடுகளை அணு உலைக்குள் வைத்து, அவை எந்த ஊரில் செய்யப்பட்டவை என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள் எனப் படித்தேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. களிமண் என்றால் எங்கேயும் சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன், கொஞ்சம் இரும்பு. குயவர் அதில் மணலைக் கலக்கிறார். சூளையில் சுடுகிறார். பிறகு அது மூவாயிரம் ஆண்டுகள் ஈரமண்ணில் ஊறிக் கிடக்கிறது. இத்தனைக்கும் பிறகு அதில் என்ன முகவரி மிஞ்சும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: உங்கள் ஆட்சேபங்கள் எல்லாமே நியாயமானவை. இந்தத் துறையில் இருப்பவர்கள் பாதி நேரம் அவற்றோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். நீங்கள் படித்ததில் தவறாக இருப்பது ‘ஊரைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்’ என்ற பேச்சுதான். கருவி ஊரைச் சொல்வதில்லை. இந்த ஓடும் அந்த ஓடும் ஒரே மாதிரியான மண்ணிலிருந்து வந்தவையா, இல்லையா என்பதை மட்டும் சொல்லும். ஊர்ப்பெயர் அதற்குப் பிறகு, வேறு சான்றுகளை வைத்து மனிதர்கள் வாதாடி எட்டும் முடிவு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

களிமண்ணின் பெரும்பங்கு எங்கும் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்வது உண்மை. அதனால்தான் பெரும்பங்கை விட்டுவிட்டு, பத்து லட்சத்தில் சில பங்கு அளவே இருக்கும் தனிமங்களைத் தேடுகிறார்கள்: ஸ்கேண்டியம், சீசியம், ஹாஃப்னியம், தோரியம், குரோமியம், லாந்தனம் தொடங்கி லுட்டீசியம் வரையிலான அருமண் தனிமங்கள். எரிமலைச் சாம்பல் மக்கிய மண்ணுக்கு ஒரு விகிதம், சுண்ணாம்புப் பாறை கரைந்து மிஞ்சிய மண்ணுக்கு இன்னொன்று, உருமாறிய பாறைகள் நிறைந்த மலையடிவார மண்ணுக்கு வேறொன்று. மெசோஅமெரிக்கா எனப்படும் நிலப்பரப்பு, அதாவது மத்திய மெக்சிகோவிலிருந்து குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் வரையிலான பகுதி, இந்த வேலைக்கு வாய்ப்பான இடம். மேட்டுநிலத்தில் எரிமலைகள், யுகடான் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்பு, ஒஹாகாவில் பழைய உருமாறிய பாறைகள், வளைகுடாக் கரையில் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். பாறை மாறினால் மண் மாறுகிறது.

அளப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வு அணு உலையை ஒட்டி 1988 முதல் ஒரு தொல்பொருள் ஆய்வகம் இயங்குகிறது. மெசோஅமெரிக்க ஓடுகளில் பெரும் எண்ணிக்கை அங்கேதான் அளக்கப்பட்டது. ஓட்டின் மேற்பரப்பை முதலில் சுரண்டிவிடுவார்கள். பூச்சும் ஒட்டிய மண்ணும் போக வேண்டும். சுரண்டும் முனை சிலிக்கான் கார்பைடால் ஆனது. சாதாரணமாகக் கடைகளில் கிடைக்கும் டங்ஸ்டன் கார்பைடு முனையைத் தொட்டால் போச்சு; அதிலிருக்கும் கோபால்ட் ஓட்டோடு கலந்து அளவைக் கெடுத்துவிடும். பிறகு கழுவி, உலர்த்தி, அகேட் கல்வத்தில் மாவாக அரைப்பார்கள். அதில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் ஒரு பாலிஎத்திலீன் குப்பிக்குள் போகும். இன்னொரு 200 மில்லிகிராம் குவார்ட்ஸ் குழாய்க்குள் போகும்.

முதல் குப்பியைக் காற்றழுத்தக் குழாய் வழியாக உலைக்குள் அனுப்பி ஐந்தே விநாடிகளில் வெளியே எடுத்துவிடுவார்கள். அந்த ஐந்து விநாடிகளில் நியூட்ரான்களை விழுங்கிய அணுக்கருக்கள் கதிரியக்கம் பெற்றுவிடும். அலுமினியம்-28க்கு அரை ஆயுள் இரண்டேகால் நிமிடம், மாங்கனீசு-56க்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். எனவே 25 நிமிடம் காத்திருந்து, வெளிவரும் காமா கதிர்களை ஜெர்மேனியம் கண்டுணர்வியில் எண்ணுவார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் காமா கதிரை வெளியிடும் என்பதால் எது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். குவார்ட்ஸ் குழாயில் இருப்பது ஒரு நாள் முழுக்க உலையில் இருக்கும். ஏழு நாள் கழித்து ஒரு முறை எண்ணி லாந்தனம், சமாரியம், யுரேனியம் போன்றவற்றைப் பிடிப்பார்கள். மூன்று நான்கு வாரம் கழித்து, குறுகிய ஆயுள் கொண்டவை அடங்கிய பின் மறுபடி எண்ணினால் ஸ்கேண்டியம், இரும்பு, தோரியம், சீசியம் கிடைக்கும். மொத்தம் 33 தனிமங்கள். ஒவ்வொரு தொகுதியோடும் அளவு தெரிந்த ஒரு தரப்பொருளையும் சேர்த்தே உலைக்குள் அனுப்புவார்கள். அது என்ன தெரியுமா? அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல். அமெரிக்கத் தர நிறுவனம் அளந்து சான்றளித்து விற்பது.

சூளையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. நியூட்ரானுக்கு வேதிப் பிணைப்பு ஒரு பொருட்டே அல்ல. ஸ்கேண்டியம் களிமண் கனிமத்தில் இருந்தாலும், சூட்டில் அது உருகிக் கண்ணாடியானாலும் அணுக்கரு அதே அணுக்கருதான். சூளையில் பறந்துபோகும் தனிமங்கள் சில உண்டு. நான் மேலே சொன்ன பட்டியல் அந்த வெப்பத்துக்கு அசையாது.

மண்ணுக்குள் ஊறுவது இதைவிடப் பெரிய தொல்லை. கால்சியம் கரைந்து வெளியேறும். பேரியம் உள்ளே வந்து படியும். சோடியம், பொட்டாசியம் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அதனால் பகுப்பாய்வில் இவற்றுக்கு மதிப்பைக் குறைத்து, எளிதில் கரையாத தோரியம், ஹாஃப்னியம், அருமண் தனிமங்களின் பக்கம் சாய்வார்கள்.

கடைசியாகக் குயவர் கலக்கும் மணல். காப்பித்தூளில் சிக்கரி சேர்க்கிற கதைதான் இது. சுத்தமான குவார்ட்ஸ் மணல் சேர்ந்தால் எல்லாத் தனிமங்களும் ஒரே விகிதத்தில் நீர்த்துப் போகும். விகிதங்கள் அப்படியே நிற்பதால் கணக்கில் சரிசெய்துவிடலாம். ஆனால் சேர்ப்பது எரிமலைச் சாம்பலோ, உடைத்த பழைய பானையோ, இரண்டாவது வகைக் களிமண்ணோ ஆனால், அது தன் சொந்தத் தனிமங்களையும் கொண்டுவந்து புதியதொரு கலவையை உண்டாக்கிவிடும். டீன் ஆர்னால்ட், ஹெக்டர் நெஃப், ரொனால்ட் பிஷப் மூவரும் குவாத்தமாலாப் பள்ளத்தாக்கில் இன்றும் பானை வனையும் ஊர்களின் களிமண்ணையும் பானைகளையும் ஒப்பிட்டு 1991இல் எழுதினார்கள். வேதியியல் அடையாளம் காட்டுவது ஒரு குறிப்பிட்ட மண்குழியை அல்ல, ஒரு குயவர் சமூகம் மண்ணெடுத்துக் கலக்கும் வட்டாரத்தை என்பது அதன் சாரம். அந்த வட்டாரம் அவ்வளவு பெரிதும் அல்ல. உலகின் பல பகுதிகளிலிருந்து ஆர்னால்ட் திரட்டிய தகவலின்படி, குயவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் களிமண்ணுக்குப் போவதில்லை.

ஆகவே நீங்கள் கேட்ட ‘முகவரி’ மிஞ்சுகிறது. ஆனால் கதவு எண் இருக்காது, பேட்டையின் பெயர்தான் இருக்கும்.


கேள்வி: இந்த முறையால் உண்மையிலேயே தீர்ந்துபோன வழக்கு ஏதாவது உண்டா? அல்லது எல்லாமே ‘இருக்கலாம், வாய்ப்புண்டு’ ரகம்தானா?
— வாசகி, சேலம்

பதில்: உண்டு. இரண்டு சொல்கிறேன். இரண்டிலும் வேதியியல் தனியாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மெக்சிகோ நகருக்கு வடகிழக்கே தியோதிவாகான் என்ற மாநகரம் கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய 550 வரை கோலோச்சியது. அங்கே தோண்டுமிடமெல்லாம் ‘மெல்லிய ஆரஞ்சு’ எனப்படும் ஒரு பாண்டம் கிடைக்கும். சுவர் மெல்லியது, நிறம் செம்மஞ்சள். வளையம் போன்ற அடிப்பாகம் கொண்ட அரைக்கோளக் கிண்ணங்கள் அதிகம். தெற்கே வெகு தொலைவிலுள்ள மாயா நகரங்களான திகால், கோபான், குவாத்தமாலா மேட்டுநிலத்தின் காமினால்ஹுயூ ஆகியவற்றின் கல்லறைகளிலும் இதே கிண்ணம். தியோதிவாகானில் குவியல் குவியலாகக் கிடைத்ததால் அது தியோதிவாகானில் செய்யப்பட்டதுதான் என்று எண்ணுவது இயல்பு. எது ஓர் ஊரில் மிகுதியாகக் கிடைக்கிறதோ அது அந்த ஊர்ச் சரக்கு என்பது இந்தத் துறையில் இன்றும் பலர் கையாளும் விதி.

ஆன்னா ஷெப்பர்ட் அதை நம்பவில்லை. கார்னெகி நிறுவனத்துக்காகப் பணியாற்றிய இவர், பானை ஓட்டை அரை மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவான தடிமனுக்கு, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்த முன்னோடி. மட்பாண்டங்கள் பற்றி அவர் 1956இல் எழுதிய கையேட்டை இன்றும் மாணவர்கள் புரட்டுகிறார்கள். மெல்லிய ஆரஞ்சின் சீவலில் உருமாறிய பாறைத் துணுக்குகள் தெரிந்தன. தியோதிவாகான் பள்ளத்தாக்கோ எரிமலைப் பாறை நிலம். அந்தத் துணுக்கு அங்கே வர வழியில்லை. பிறகு கண்கள் தெற்கு புவெப்லாவின் பக்கம் திரும்பின. எவலின் ராட்ரே, தெபெஹி டி ரோட்ரிகஸ் வட்டாரத்தில் ரியோ கார்னெரோ ஆற்றங்கரையில் இந்தப் பாண்டம் செய்யப்பட்ட தலங்களையே கண்டுபிடித்தார். அங்கிருந்து எடுத்த ஓடுகளையும், வெளியூர்களில் கிடைத்த மெல்லிய ஆரஞ்சையும் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் கார்மன் ஹார்பாட்டிலுடன் சேர்ந்து நியூட்ரான் முறையில் ஒப்பிட்டு 1992இல் வெளியிட்டார். பொருந்தியது.

அதாவது, தியோதிவாகானின் அடையாளம் என்று எல்லோரும் கொண்டாடிய பாண்டத்தைச் செய்தவர்கள் தியோதிவாகான்காரர்களே அல்லர். நகரம் வாங்கியது, பயன்படுத்தியது, தன் செல்வாக்கோடு சேர்த்து வெளியே அனுப்பியது. கல்லறையில் ஒரு மெல்லிய ஆரஞ்சுக் கிண்ணம் கிடைத்ததும் ‘தியோதிவாகான் படையெடுப்பு’ என்று எழுதிய பழைய நூல்களை இந்த வெளிச்சத்தில் மறுபடி படிக்க வேண்டும்.

இரண்டாவது, பிளம்பேட். பெயரில் ஈயம் இருக்கிறதே தவிரப் பாண்டத்தில் ஈயம் இல்லை. இரும்பும் அலுமினியமும் மிகுந்த மேற்பூச்சு சூளையில் பாதி கண்ணாடியாகி, சாம்பலும் ஆலிவ் பச்சையும் செம்மஞ்சளுமாக உலோகம்போல் மின்னும். ஐரோப்பியர் வருமுன் மெசோஅமெரிக்காவில் மெருகுக் கண்ணாடிப் பூச்சுக்கு மிக அருகில் வந்த பாண்டம் இதுதான். வான்கோழி, நாய், சுருக்கம் விழுந்த கிழவர் முகம் என்று உருவப் பாத்திரங்களாகச் செய்தார்கள். ஏறக்குறைய கி.பி. 900 முதல் 1100 வரை இதன் காலம். டோல்டெக்குகளின் தலைநகரான தூலாவிலும் சிச்சேன் இட்சாவிலும் எல் சால்வடாரிலும் கிடைக்கிறது. ஷெப்பர்ட் 1948இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, மெக்சிகோ–குவாத்தமாலா எல்லையை ஒட்டிய பசிபிக் கடற்கரைதான் இதன் தாயகம் என்று கையை நீட்டினார். நாற்பது ஆண்டு கழித்து நெஃப்பும் பிஷப்பும் நியூட்ரான் அளவீட்டைக் கொண்டு அதை உறுதிப்படுத்தினார்கள். நெஃப் செய்த பெரிய காரியம் உலைக்கு வெளியே நடந்தது. அந்தக் கடற்கரை நெடுகிலும் ஆற்றுப்படுகைகளில் களிமண்ணை எடுத்து, ஓட்டோடு ஒப்பிட்டார். அதனால் ‘பசிபிக் கரை’ என்ற பரந்த சொல் குறுகிய ஒரு பகுதியாகச் சுருங்கியது. பின்னர் 2003இல் லேசரால் மேற்பூச்சை மட்டும் தனியே சுரண்டி அளந்து, பூச்சு மண்ணும் உடல் மண்ணும் வேறுவேறு என்பதையும் பிரித்துக் காட்டினார்.

தீராத வழக்கும் ஒன்று கேளுங்கள். மாயா தாழ்நிலம் சுண்ணாம்புத் தரை, பக்கத்தில் எரிமலையே கிடையாது. ஆனாலும் திகால் முதலிய நகரங்களின் பிற்காலப் பாண்டங்களில் எரிமலைச் சாம்பல் ஏராளமாகக் கலந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேட்டுநிலத்திலிருந்து சாம்பலை முதுகில் சுமந்து வந்தார்களா? அந்த நாட்டில் சுமை விலங்கும் இல்லை, வண்டியும் இல்லை. அல்லது எரிமலை வெடித்தபோது காற்றில் வந்து விழுந்து ஏரி மண்ணில் படிந்ததை அள்ளினார்களா? அனாபெல் ஃபோர்டு போன்றவர்கள் இரண்டாவதை நோக்கிச் சாய்கிறார்கள். அடுக்களைப் பானைக்காக அவ்வளவு தொலைவு சாம்பல் சுமந்திருப்பார்கள் என்பது எனக்கும் நம்பும்படி இல்லை. ஆனால் நிரூபணம் என்று மேசைமேல் வைக்க யாரிடமும் இல்லை.


கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். ஓல்மெக் நாகரிகம்தான் மெசோஅமெரிக்காவின் ‘தாய்ப் பண்பாடு’ என்பதை வேதியியல் பகுப்பாய்வு நிரூபித்துவிட்டது என்று எங்கள் வகுப்பில் ஒருவர் கட்டுரை வாசித்தார். இன்னொருவர் எழுந்து, அது தவறு என்று அதே ஆண்டிலேயே நிறுவிவிட்டார்கள் என்றார். யார் சொல்வது சரி?
— மாணவி, மதுரை

பதில்: இருவரும் 2005ஆம் ஆண்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். இருவருமே கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறார்கள்.

வெராக்ரூஸ் மாநிலத்தில் கோட்சகோவால்கோஸ் ஆற்றுச் சமவெளியில் சான் லொரென்சோ என்ற மேட்டுநகரம் ஏறக்குறைய கி.மு. 1400 முதல் 1000 வரை செழித்தது. பெரும் கற்தலைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இதுவரை கிடைத்த 17 தலைகளில் பத்து இந்த ஊருடையவை. அதே காலத்தில் ஒஹாகா, மெக்சிகோ பள்ளத்தாக்கு, பசிபிக் கரையின் மசதான் என்று பல வட்டாரங்களில் ஒரே மாதிரியான செதுக்குப் பாண்டங்கள் தலைகாட்டின. கருஞ்சாம்பல் நிறக் கிண்ணத்தின் வெளிச்சுவரில் ஆழமாக வெட்டிய வளைவுகள். பிளந்த நெற்றி, தீப்புருவம் போன்ற வடிவங்கள். சில கிண்ணங்களின் வெட்டுக்குள் தேய்த்த செம்பொடி. அல்ஃபோன்சோ காசோ 1942இல் ஓல்மெக்கைத் தாய்ப் பண்பாடு என்று அழைத்ததிலிருந்து சண்டை நடக்கிறது. எதிர்த்தரப்பு, தாயும் இல்லை மகளும் இல்லை, ஒருவரோடொருவர் கொடுத்து வாங்கி வளர்ந்த சகோதரிகள் என்றது.

ஜெஃப்ரி புளோம்ஸ்டர், நெஃப், மைக்கேல் கிளாஸ்காக் மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில் 725 ஓடுகளின் அளவீடு இருந்தது. சான் லொரென்சோவின் மண் அடையாளம் கொண்ட செதுக்குப் பாண்டங்கள் மற்ற வட்டாரங்கள் பலவற்றிலும் கிடைத்தன. மற்ற வட்டார மண்ணில் செய்த பாண்டம் ஒன்றுகூடச் சான் லொரென்சோவில் இல்லை. மற்ற வட்டாரங்களும் தங்களுக்குள் இந்தப் பாண்டத்தைப் பரிமாறிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஏற்றுமதி உண்டு, இறக்குமதி இல்லை. தாய்ப் பண்பாட்டுக் கட்சி கைதட்டியது.

சில மாதங்களிலேயே அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஜேம்ஸ் ஸ்டோல்ட்மன், ஜாய்ஸ் மார்கஸ், கென்ட் ஃபிளானரி முதலியோர் மறுப்பு எழுதினார்கள். இவர்கள் கையிலெடுத்தது ஷெப்பர்டின் பழைய முறை, பாறைச் சீவல். சான் லொரென்சோவில் கிடைத்த ஓடுகள் சிலவற்றில் ஒஹாகாவின் பாறைத் துணுக்குகள் இருக்கின்றன, ஆகவே பரிமாற்றம் இருவழி என்றார்கள். அடுத்த ஆண்டு ‘லத்தீன் அமெரிக்கன் ஆன்டிக்விட்டி’ இதழில் இரு தரப்பும் பக்கம் பக்கமாக மோதிக்கொண்டன. நெஃப் தரப்பின் பதில் கட்டுரை ஒன்றின் தலைப்பிலேயே ‘புகைத்திரை’ என்று போட்டார்கள் என்றால் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறைகளும் அளப்பது இரண்டு வேறு பொருள்களை என்பதுதான் மோதலின் அடியில் கிடப்பது. நியூட்ரான் முறை ஓட்டை மாவாக்கி மொத்தத்தையும் சேர்த்து அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்களிமண்ணுக்கு அதில் பெரும்பங்கு. பாறைச் சீவல் தனித்தனித் துணுக்குகளைப் பார்க்கிறது. நுண்களிமண் அதற்குப் புலப்படாது. ஆற்றுச் சமவெளியில் வனைந்த பானையில் அந்த ஆறு எந்த மலையிலிருந்து இறங்குகிறதோ அந்த மலையின் துணுக்கு இருக்கலாம். அதைப் பார்த்துப் பானையே மலையூரில் செய்தது என்று சொல்லிவிட முடியாது. மாறாக, இரண்டு இடத்து வண்டல் ஒரே மாதிரி இருந்து, நியூட்ரான் முறை அவற்றை ஒரே குழுவில் போட்டுவிடவும் கூடும். ஒரே ஓட்டை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை உலைக்கும் மறு பாதியை நுண்ணோக்கிக்கும் அனுப்பி, இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருந்தால் பாதிச் சண்டை அடங்கியிருக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: சான் லொரென்சோவிலிருந்து பாண்டம் வெளியே போனது என்ற பகுதி உறுதியானது, 725 என்பது சின்ன எண்ணிக்கை அல்ல. ஒன்றுகூட உள்ளே வரவில்லை என்ற பகுதிதான் எனக்கு உறுத்துகிறது. மாதிரியில் பூச்சியம் வந்ததால் ஊரிலும் பூச்சியம் என்று ஆகாது. அதிலும், ஓல்மெக் பாணி ஓடுகளை நோக்கியே மாதிரி எடுக்கும்போது சொல்லவே வேண்டாம். வேறு பாணியில் வந்த வெளியூர்ச் சரக்கு அந்த வலையில் விழுந்திருக்காது. மறுப்பு எழுதியவர்களின் ஓடுகளோ எண்ணிக்கையில் மிகக் குறைவு.

இந்தச் சண்டைச் சத்தத்தில் காதில் விழாமல் போன சங்கதி ஒன்று உண்டு, உங்கள் வகுப்பில் அதைப் பேசுங்கள். புளோம்ஸ்டர் அகழ்ந்த எத்லாதோங்கோ என்ற ஒஹாகா ஊரில், சான் லொரென்சோவிலிருந்து வந்த கிண்ணமும், அதே வடிவத்தை உள்ளூர் மண்ணில் வனைந்த கிண்ணமும் கிடைக்கின்றன. கண்ணால் மட்டும் பார்த்தால் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுவீர்கள். வெளியூர்ச் சரக்கைப் பார்த்துத் தங்கள் மண்ணில் தங்கள் கையால் அதைச் செய்துகொண்ட குயவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். அவர்கள் அடிமைகளா, ரசிகர்களா, போட்டியாளர்களா என்று ஸ்கேண்டியம் சொல்லாது. கிண்ணம் வந்த வழியே ஆட்சியும் மதமும் வந்தன என்பதையும் சொல்லாது. தாய்ப் பண்பாடு என்பது பண்பாட்டைப் பற்றிய வாதம்; அளக்கப்பட்டது மண். நிரூபித்துவிட்டது என்று கட்டுரை வாசித்த நண்பரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லலாம்.


கேள்வி: வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் ஓவியம் தீட்டிய மாயா குவளைகள் நிறைய இருக்கின்றன. பல, கல்லறைத் திருடர்கள் வழியாக வந்தவையாமே! அவற்றின் ஊரையும் இப்படிக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கலாமே?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாதிதான் முடியும். பிஷப்பும் கலை வரலாற்றாளர் டோரி ரீன்ட்ஸ்-பூடெட்டும் பல ஆண்டுகள் செய்த வேலையே இது. அடிப்பாகத்தில் சிறு துளையிட்டு எடுத்த தூளை, அகழாய்வில் முறையாகக் கிடைத்த ஓடுகளின் அளவோடு ஒப்பிட்டார்கள். வெளிர்மஞ்சள் பின்னணியில் கருங்கோட்டால் சுவடிபோல் வரைந்த ஒரு பாணிக் குவளைகள் எங்கே செய்யப்பட்டவை என்று தெரியாமல் இருந்தது. குவாத்தமாலாவின் வடக்கே நக்பே என்ற ஊரில் ரிச்சர்ட் ஹேன்சன் அகழ்ந்தபோது அதே பாணி ஓடுகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. அவற்றோடு பொருத்திப் பார்த்ததில், அந்தப் பாணி அங்கே எல் மிராதோர் படுகையைச் சுற்றி வளர்ந்தது என்று 1991இல் வெளியிட்டார்கள். இவ்வளவு சொல்ல முடிகிறது.

ஆனால் குவளை செய்யப்பட்ட ஊர் வேறு, புதைக்கப்பட்ட ஊர் வேறு. மாயா அரசர்கள் இந்தக் குவளைகளை ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்தார்கள். பெலீஸில் புவெனாவிஸ்தா என்ற ஊரில் ஒரு கல்லறையில் முறையாக அகழ்ந்தெடுத்த குவளை ஒன்றில் நரான்ஹோ நாட்டு அரசன் காக் தீலீவ் சான் சாக்கின் பெயர் எழுதியிருக்கிறது. அந்தக் குவளை திருடப்பட்டுச் சந்தைக்கு வந்திருந்தால் எல்லோரும் நரான்ஹோவைத்தான் கைகாட்டியிருப்போம். நரான்ஹோ இருப்பது இன்றைய குவாத்தமாலாவில். எந்த நாட்டுக்குத் திருப்பிக் கொடுப்பது என்பதே தவறியிருக்கும். இன்னொரு சிக்கல்: சந்தைக்கு வந்த குவளைகளில் பல, உடைசல்களை ஒட்டி, இடைவெளியைச் சாந்தால் நிரப்பி, மேலே புதிதாக வண்ணம் தீட்டியவை. துளை போடும் இடம் அந்தச் சாந்தாக இருந்தால் அளவீடு குப்பைக்குப் போகும்.


கேள்வி: கல்லூரியில் தொல்லியல் படிக்கிறேன், அறிவியல் பாடம் பத்தாம் வகுப்போடு சரி. கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவி இருந்தால் அணு உலையே தேவையில்லை என்கிறார்களே, நான் இந்தத் துறைக்கு வரலாமா?
— மாணவர், திருநெல்வேலி

பதில்: தாராளமாக வாருங்கள், ஆனால் கருவியை வைத்து வராதீர்கள். கையடக்கக் கருவி மேற்பரப்பை மட்டும் பார்க்கும். அருமண் தனிமங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிடிபடாது. கண்ணாடிபோல் ஒரே சீராக இருக்கும் அப்சிடியன் எரிமலைக் கல்லுக்கு அது அருமையான கருவி. கல்லும் மண்ணும் துணுக்குமாகக் கலந்த பானை ஓட்டுக்கு அது முதல்கட்டச் சலிப்புக்கு மட்டும் உதவும்.

முதலில் நிலவியல் படியுங்கள், பிறகு புள்ளியியல். 33 எண்கள் கொண்ட வரிசைகள் சில நூறு கையில் வந்தால் அதில் குழுக்களைப் பிரிக்கத் தெரியாதவர் இந்த வேலையில் தபால்காரர் மட்டுமே. பயிற்சிக்கு நீங்கள் ஓடு வாங்கவும் வேண்டாம், விமானம் ஏறவும் வேண்டாம். மிசௌரி ஆய்வகம் தன் மெசோஅமெரிக்க அளவீடுகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஒரு வட்டாரத்தின் தரவை இறக்கி, முதலில் தோரியத்தையும் குரோமியத்தையும் வைத்து ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். குழு பிரிகிறதா, ஏன் பிரிகிறது என்று அந்த வட்டாரத்தின் நிலவியல் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துத் தேடுங்கள். விடை வராவிட்டால் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.